நம்ம ரதம் எத்தனை அடி உயரம்? யாருக்காவது தெரியுமா?

பாகான் டாலாம் அடியார்களே, கொஞ்சம் நீளமான பதிவுதான். திருவிழா வேலை தொடங்குறதுக்கு முன்னாடி எல்லாரும் படிச்சிடுங்க.

போன திருவிழாவுல நடந்தது நிறைய பேருக்குத் தெரியாது. ரதம் சந்துல திரும்பும்போது மேலே குறுக்கே போன ஒரு கேபிள் கலசத்துல மாட்டிக்கிச்சு. நம்ம தம்பி ஒருத்தன் கண்ணிமைக்கிற நேரத்துல ரதத்து மேல ஏறி, வெறுங்கையால அதைத் தூக்கி விட்டான். கீழே இருந்தவங்க "ஓம் சக்தி"ன்னு குரல் கொடுத்தாங்க. நாங்களும்தான் கொடுத்தோம். ரதம் நகர்ந்துடுச்சு. மறுநாள் பகல்ல போய்ப் பார்த்தப்போதான் வயிறு கலங்குச்சு. அவன் தூக்கினது டெலிபோன் கேபிள். அதுக்குக் கொஞ்சம் மேலேயே கரண்டு கம்பி. ராத்திரி இருட்டுல, ரதத்து விளக்கு கண்ணைக் கூசும்போது, எது எதுன்னு யாருக்குத் தெரியும்?

அந்தத் தவறு எங்களோடது. வேற யாரையும் சொல்லல.

நம்ம கோயிலுக்கு வர்ற அண்ணன்மார் பல பேர் துறைமுகத்துல கொண்டெய்னர் லோரி ஓட்டுறவங்க. ஒரு அண்ணன்கிட்ட இதைச் சொன்னோம். அவர் சொன்னார்: சாதாரண கொண்டெய்னர் எட்டரை அடி, 'ஹை கியூப்' ஒன்பதரை அடி. தூரத்துல இருந்து பார்த்தா ரெண்டும் ஒண்ணு மாதிரிதான். நேத்து எட்டரையோட பாலத்துக்கு அடியில சுகமா போனவன், இன்னைக்கு ஒன்பதரையோட அதே நினைப்புல போனா, கூரை பாலத்துல உட்காரும். "ரோட்டைத் தெரிஞ்சவன்தான் தம்பி அதிகமா இடிக்கிறான். புதுசா வர்றவன் போர்டைப் பார்ப்பான்"னார்.

இது உலகம் முழுக்க நடக்குறதுதான். அமெரிக்காவுல வட கரோலைனா டர்ஹாம் நகரத்துல 11 அடி 8 அங்குல உயரத்துல ஒரு ரயில் பாலம். எச்சரிக்கைப் பலகை உண்டு, உயரமான வண்டி வந்தா எரியிற விளக்கு உண்டு. அப்படியும் லோரிகள் இடிச்சுக்கிட்டே இருந்துச்சு. 2019-ல பாலத்தை 8 அங்குலம் உயர்த்தினாங்க. அதுக்கப்புறமும் இடிக்குது. பலகையில எண் எழுதியிருந்தா மட்டும் போதாது. ஓட்டுறவனுக்குத் தன் வண்டி உயரம் தெரிஞ்சிருக்கணும்.

நம்ம ரதமும் ஒரு உயரமான வண்டிதானே? லோரி பாலத்துல இடிச்சா கூரை நசுங்கும், ரோடு அடைபடும். ரதம் கம்பியில பட்டா உயிர் போகும்.

தஞ்சாவூர் பக்கத்துல களிமேடு. 2022 ஏப்ரல் 27 விடியற்காலை, அப்பர் சுவாமிகள் சதய விழாத் தேர். உயர் அழுத்த மின்கம்பியில தேர் உரசி 11 பேர் இறந்தாங்க. அதுல பிள்ளைகளும் உண்டு. ரோடு புதுசா போட்டு உயர்ந்திருந்ததும் ஒரு காரணம்னு அப்போ பேசினாங்க. அடுத்த வருஷம் ஜூன்ல திரிபுராவுல குமார்காட்டுல ரத யாத்திரை. இரும்பு ரதம் கம்பியில பட்டுப் பல உயிர் போச்சு. 2025 ஆகஸ்டுல ஹைதராபாத் ராமந்தாப்பூர்ல கிருஷ்ண ஜெயந்தி ஊர்வலத்துலயும் இதே கதைதான்.

"சாமி காரியம், அம்மா பார்த்துக்குவா"ன்னு சிலர் சொல்றீங்க. அம்மா பார்த்துக்குவான்னு நாங்களும் நம்புறோம். ஆனா களிமேட்டுல தேர் இழுத்தவங்களும் சாமி காரியத்துலதான் இருந்தாங்க. அவங்க பக்தியில குறைன்னு சொல்ல யாருக்கும் வாய் வராது. அப்போ குறை எங்கே? அளவுல. அளக்கிறது மனுஷன் வேலை. அதையும் அம்மா தலையில கட்டக் கூடாது.

இன்னொரு பேச்சு, "பக்கத்து ஊர் ரதத்தைவிட நம்மளோடது உயரமா இருக்கணும்". தம்பிமார்களே, பினாங்குத் தைப்பூச வெள்ளி ரதம் 1894-ல இருந்து ஓடுது. அது எத்தனை அடின்னு கேட்டுட்டா ஜனங்க தேங்காய் உடைக்கிறாங்க? திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோட 96 அடி. அது ஓடும்போது வீதியில மின்கம்பிகளையே கழட்டி வைக்கிறாங்க. அந்த ஏற்பாடு இருக்கிற இடத்துல அந்த உயரம் பொருந்தும். நமக்காக யாரும் கம்பியைக் கழட்டப் போறதில்லை.

ரதம் எப்படி உயருதுன்னு பாருங்க. லோரித் தட்டு, அதுக்கு மேல மேடை, மண்டபம், கலசம். இதுவரைக்கும் ஒரு கணக்கு இருக்கு. அப்புறம் பூக்காரர் ஒரு வளைவு வைப்பார். லைட்டுக்காரர் எல்இடி பலகை வைப்பார். கடைசி நேரத்துல யாராவது கொடி கட்டுவாங்க. குடை விரியும். அளந்தப்போ இருந்த ரதம் வேற, புறப்படுற ரதம் வேற. அதோட ரோடு திரும்பத் திரும்பப் போடும்போது ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் ஏறுது. கம்பி வெயில்லயும் பாரத்துலயும் தொய்யுது. ரோடு ஒரு பக்கம் சரிஞ்சா கலசம் அந்தப் பக்கம் சாயும். போன வருஷம் போச்சேன்னு இந்த வருஷம் போகக் கூடாது.

அதனால எங்க கோரிக்கை:

1. அலங்காரம் எல்லாம் முடிஞ்ச பிறகு, புறப்படுறதுக்கு முன்னாடி, ரதத்தை அளந்து அந்த எண்ணை லோரி முன்கண்ணாடியில பெரிசா ஒட்டணும். ஒட்டின பிறகு ஒரு பூகூட மேலே ஏறக் கூடாது.

2. ஒரு வாரம் முன்னாடியே பகல்ல பாதை முழுக்க நடந்து பார்க்கணும். மின்கம்பி தாழ்ந்திருந்தா தெனாகா நேஷனலுக்குச் சொல்லணும். மரக்கிளைன்னா மாநகர் மன்றத்துக்கு. அவங்களுக்கு நேரம் கொடுக்கணும், அன்னைக்குக் காலையில போன் அடிக்கக் கூடாது.

3. கலசம் மடக்கி இறக்குற மாதிரி இருக்கணும்.

4. ரதத்து மேல யாரும் ஏறக் கூடாது. எந்தக் கம்பியையும் கையாலயோ கழியாலயோ தொடக் கூடாது. உயர் அழுத்தக் கம்பியைத் தொடணும்னுகூட இல்ல, நெருங்கினாலே கரண்டு பாயும்.

5. விசில் ஒருத்தர் கையில மட்டும். அவர் ஊதினா ரதம் நிக்கணும், மேளமும் நிக்கணும். தலைவர் சொன்னாலும் அவர் மறுபடி ஊதுற வரைக்கும் நகரக் கூடாது.

இதனால ரதம் ரெண்டு அடி குறையலாம். ஊர்வலம் ஒரு மணி நேரம் தாமதமாகலாம். ஆகட்டும்.

அந்தத் தம்பி இந்த வருஷமும் தொண்டு செய்ய வர்றான். அவன் அம்மா வழக்கம்போல மாவிளக்கு எடுப்பாங்க. போன வருஷம் மகன் எவ்வளவு கிட்டப் போனான்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது. இந்த வருஷம் அவனைக் கீழே நிறுத்தி, விசிலை அவன் கையில கொடுக்கலாம்னு இருக்கோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூஜை முடிஞ்சதும் ரதக் கொட்டகையில அளக்கிறோம். அளவு நாடா இருக்கிறவங்க கொண்டு வாங்க. லோரி ஓட்டுற அண்ணன்மார் அவசியம் வாங்க.

ஓம் சக்தி.