அன்னைக்குப் பிறகு யார்?



சென்ற இதழில் குட்டி நாடுகளைப் பற்றி வந்த கட்டுரைக்கு இவ்வளவு கடிதங்கள் குவியும் என்று நாங்கள் நினைக்கவில்லை. 1979 டிசம்பர் 26 அன்று அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் 14 வயதுப் பையன் ஒருவன் தன் படுக்கையறையைத் தனி ராஜ்யமாக அறிவித்து, தனக்குத்தானே முடிசூட்டிக்கொண்ட கதை பலரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தலோசா என்பது அந்த நாட்டின் பெயர். பையன் வளர வளர ராஜ்யமும் வளர்ந்தது. கட்சிகள் வந்தன, தேர்தல் வந்தது, சட்டமன்றமும் வந்தது. 2004இல் அரசரே வேண்டாம் என்றவர்கள் பிரிந்துபோய்க் குடியரசு அமைத்தார்கள். அடுத்த ஆண்டு அரசர் முடி துறந்தார். 2007இல் புதிய அரசர் ஒருவரை வாக்களித்துத் தேர்ந்தெடுத்தார்கள். 2012இல்தான் இரு தரப்பும் மறுபடி ஒன்றுசேர்ந்தன. விளையாட்டாகத் தொடங்கிய ஒரு நாட்டில் இத்தனையும் நடந்திருக்கிறது.

வாசகர்களும் இரண்டாகப் பிரிந்துதான் எழுதியிருக்கிறீர்கள். "நாலு தெரு அளவு இடத்துக்குத் தேர்தல் எதற்கு? நல்ல மனிதர் ஒருவர் பொறுப்பில் இருந்தால் போதாதா?" என்று முத்தியால்பேட்டையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கேட்கிறார். "அந்த நல்ல மனிதர் தவறு செய்தால் யாரிடம் போய்ச் சொல்வது?" என்று லாஸ்பேட்டை மாணவி ஒருவர் கேட்கிறார். இருவரையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. அதற்கு முன், நம் ஊர்க்காரர்கள் இந்தக் கேள்வியை எந்த மண்ணில் நின்று கேட்கிறார்கள் என்பதை நினைவூட்ட விரும்புகிறேன். புதுச்சேரியிலிருந்து வடக்கே பத்து கிலோமீட்டர் போனால் ஆரோவில். யார் சொல்வது நடக்க வேண்டும் என்ற வழக்கு அங்கே அரை நூற்றாண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஆரோவில் தனி நாடு என்று யாரும் சொல்லிக்கொண்டதில்லை. அதன் நிலத்தில் பெரும்பகுதி விழுப்புரம் மாவட்டத்தில் இருக்கிறது. இந்தியச் சட்டம்தான் அங்கேயும் செல்லும். ஆனாலும் புதிதாக ஒரு சமுதாயத்தை ஒன்றுமில்லாத இடத்திலிருந்து உருவாக்க வேண்டும் என்று கிளம்பியவர்களின் கதை, எந்தக் குட்டி நாட்டின் கதையையும்விட நமக்குச் சொல்ல நிறைய வைத்திருக்கிறது.

1968 பிப்ரவரி 28. செம்மண் பொட்டலில் ஓர் ஆலமரத்தின் பக்கத்தில் சுமார் ஐயாயிரம் பேர் கூடியிருந்தார்கள். 124 நாடுகளிலிருந்தும் இந்திய மாநிலங்களிலிருந்தும் கொண்டுவந்த மண்ணை இளைஞர்கள் ஒரு பளிங்குத் தாழியில் இட்டார்கள். ஆரோவில்லை நிறுவியவர் ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தின் அன்னை. அதன் சாசனத்தை அவர் தம் கைப்பட பிரெஞ்சில் எழுதியிருந்தார். புதுச்சேரி ஆசிரமத்தில் தம் அறையில் இருந்தபடி அவர் வாசிக்க, அது வானொலி வழியாகத் திடலில் ஒலித்தது. அப்போது அவருக்கு வயது 90. ஆரோவில் யாருடைய உடைமையும் ஆகாது என்பது அந்தச் சாசனத்தின் முதல் கருத்து. மனிதகுலம் முழுவதற்கும் சொந்தமான ஓர் இடத்தில் முடிவுகளை எடுப்பது யார் என்பதைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை.

அன்றைக்கு அது யாருக்கும் குறையாகத் தெரியவில்லை. அன்னை இருந்தாரே! யார் அங்கே வந்து குடியேறலாம், எந்தக் குடியிருப்புக்கு என்ன பெயர், பணம் எதற்குச் செல்ல வேண்டும் என்று எல்லாம் அவரிடம் போய்த் திரும்பும். கட்டடக் கலைஞர் ரோஜே ஆஞ்சே வரைந்த நகரத் திட்டமும் அவர் ஒப்புதலோடுதான் உருவானது. 50,000 பேருக்கான நகரம் அது. இறுகிய விதிகளை எழுதி வைப்பதை அவர் விரும்பவில்லை. உள்ளுணர்வில் உயர்ந்தவர்களின் வழிகாட்டலில் சமுதாயம் நடக்கும் என்பது அவர் நம்பிக்கை. அங்கே வந்தவர்கள் அவர்மீது வைத்திருந்த அன்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருந்த வசதிகளை விட்டுவிட்டு, கீற்றுக் குடிசையில் தங்கி, வெயிலில் கன்றுகளுக்குத் தண்ணீர் சுமந்தவர்கள் அவர்கள். சம்பளமும் சட்டமும் சேர்ந்தால்கூட அப்படி ஓர் உழைப்பை வாங்க முடியாது. முத்தியால்பேட்டை ஆசிரியர் சொல்வதில் உள்ள உண்மையை நான் இங்கே காண்கிறேன். ஒரு புதிய இடத்தை உண்டாக்குகிற சக்தி, பெரும்பாலும் ஒரே மனிதரின் கனவிலிருந்துதான் வருகிறது. தீர்மானம் போட்டு யாரும் பாலைவனத்தைக் காடாக்கியதில்லை.

1973 நவம்பர் 17 அன்று அன்னை மறைந்தார். வாரிசு என்று யாரையும் குறிப்பிடவில்லை. அதன் பிறகு நடந்தது நம் ஊர்ப் பெரியவர்கள் பலருக்கு நினைவிருக்கும். நிலமும் நன்கொடையும் ஸ்ரீ அரவிந்தர் சொசைட்டியின் பெயரில் இருந்தன. 1960இல் தொடங்கிய அந்தச் சங்கத்துக்கு அன்னையே தலைவராக இருந்தார். சட்டப்படி பொறுப்பு எங்களுடையது, அவர் ஒப்படைத்த பணியை நாங்கள்தான் தொடர வேண்டும் என்றார்கள் சொசைட்டியினர். இங்கே வாழ்கிறவர்களே முடிவெடுக்க வேண்டும், உடைமை கொண்டாட யாருக்கும் உரிமையில்லை என்று சாசனமே சொல்கிறது என்றார்கள் ஆரோவில்வாசிகள். இரண்டு தரப்பும் வணங்கியது ஒரே அன்னையை. பணம் நின்றது. விசா நெருக்கடி வந்தது. கைகலப்பும் கைதுகளும் நடந்தன.

அந்தப் பஞ்சக் காலத்தில் ஆரோவில்வாசிகள் 'பூர் தூ' என்ற பொது நிதியைத் தொடங்கினார்கள். அவரவர் கையில் இருந்ததை ஒன்றாகப் போட்டு, அரிசியும் பருப்பும் வாங்கிப் பகிர்ந்துகொண்டார்கள். அந்த வாரக் கூட்டங்களில்தான் மளிகைக் கணக்கோடு மற்ற விவகாரங்களும் பேசப்பட்டன. ஆரோவில்லின் சுயாட்சி எங்கே பிறந்தது என்று கேட்டால், அந்தக் கூட்டங்களைத்தான் நான் காட்டுவேன். பசித்த வயிறுகள், எத்தனையோ தாய்மொழிகள், முடிவெடுக்கத் தலைவர் இல்லை. ஆனாலும் அரிசி எல்லார் வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. ஆரோவில்லில் மாத்ரி மந்திரின் பொன் கோளத்தைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருகிறவர்களுக்கு இந்தக் கதையை யாராவது சொல்ல வேண்டும் என்று எனக்குத் தீராத ஆசை.

சண்டை மட்டும் தீரவில்லை. ஆரோவில்வாசிகள் மத்திய அரசின் உதவியை நாடினார்கள். 1980இல் இந்திரா காந்தி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. அதை எதிர்த்த வழக்கில் 1982இல் உச்ச நீதிமன்றம், ஸ்ரீ அரவிந்தரின் போதனைகள் ஒரு மதம் ஆகாது, அவை தத்துவமே என்று கூறி அந்தச் சட்டத்தை உறுதிசெய்தது. 1988இல் ஆரோவில் அறக்கட்டளைச் சட்டம் வந்தது. அதன்படி அங்கே மூன்று அமைப்புகள் உண்டு. மத்திய அரசு நியமிக்கும் ஆட்சிக் குழு ஒன்று. பதிவேட்டில் உள்ள 18 வயது நிறைந்த எல்லாரும் உறுப்பினராக இருக்கும் குடியிருப்போர் பேரவை இன்னொன்று. அந்தப் பேரவை தன் சார்பில் ஒரு செயற்குழுவை அமைத்துக்கொள்ளும். உலக அறிஞர்கள் அடங்கிய ஆலோசனை மன்றம் மூன்றாவது. அரசனும் இல்லாமல், முழுமையான மக்களாட்சியும் இல்லாமல், இரண்டுக்கும் நடுவில் ஓர் ஏற்பாடு.

பல ஆண்டுகள் அந்த ஏற்பாடு ஓடியதற்குக் காரணம், ஆட்சிக் குழு பேரவையின் பேச்சுக்குக் காது கொடுத்ததுதான். எழுத்தில் இல்லாத மரியாதை அது. 2021 டிசம்பரில் நகரத் திட்டத்தில் உள்ள வட்டச் சாலைக்காக மண் அள்ளும் இயந்திரங்கள் மரங்களுக்குள் நுழைந்தபோது அந்த மரியாதை உடைந்தது. அன்னை ஏற்ற நகரத் திட்டத்தை இன்னும் எத்தனை காலம் தள்ளிப்போடுவது, 50,000 பேருக்கான ஊரில் சுமார் 3,300 பேர்தானே இருக்கிறார்கள் என்றது ஒரு தரப்பு. வாழ்கிறவர்களைக் கேட்காமல் போடுகிற சாலை அன்னையின் சாலை ஆகாது என்றது மறு தரப்பு. நாங்களே செயற்குழு என்று இரண்டு குழுக்கள் சொல்லிக்கொள்ளும் நிலை வந்தது. பசுமைத் தீர்ப்பாயம் பணிகளைக் கட்டுப்படுத்தியது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது. சாலைக்குச் சட்டப்படி வழி கிடைத்துவிட்டது. மனங்களுக்குள் வழி கிடைத்ததா என்று ஆரோவில் நண்பர்களிடம் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்கள்.

முத்தியால்பேட்டை ஆசிரியருக்கு என் பதிலை இங்கிருந்து சொல்கிறேன். நல்ல மனிதர் ஒருவர் இருக்கும்வரை உங்கள் ஏற்பாடு அழகானது. அவர் போன மறுநாள், அவர் சொன்னதற்குப் பொருள் சொல்லும் உரிமை யாருக்கு என்ற போர் தொடங்குகிறது. ஆஸ்திரேலியாவில் கோதுமை ஒதுக்கீட்டுச் சண்டையில் 1970ஆம் ஆண்டு தன் பண்ணையையே ஹட் ரிவர் என்ற தனி நாடாக அறிவித்தார் ஒரு விவசாயி. 2017இல் பட்டத்தை மகனுக்குக் கொடுத்தார். 2019இல் தந்தை இறந்தார். 2020இல் வரிப்பாக்கிச் சுமையோடு அந்த நாடும் கலைந்தது. ஒருவர் மீதுள்ள அன்பு அவரோடு வளர்கிறது, அவர் மகனுக்கோ செயலாளருக்கோ தானாகக் கைமாறுவதில்லை.

மாணவிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். ஓட்டுப் போட்டுவிட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீர்கள். சின்ன இடத்தில் தேர்தல் பெரிய இடத்தைவிடக் கடினம். தோற்றவரை மறுநாள் காலையில் பால் வாங்கும் இடத்தில் பார்த்தாக வேண்டும். அதனால்தான் ஆரோவில்லில் பிரசாரம், போட்டி என்றில்லாமல் கூடி உட்கார்ந்து பேசி ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் முறைகளை எல்லாம் முயன்று பார்த்தார்கள். ஒருமித்த கருத்துக்காகக் காத்திருந்து காத்திருந்து சில விஷயங்கள் ஆண்டுக்கணக்கில் நின்றுபோயின. அதோடு, யாருக்கு ஓட்டு என்ற கேள்வியும் இருக்கிறது. குயிலாப்பாளையம், எடையன்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் என்று சுற்றுக் கிராமங்களிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் தினமும் ஆரோவில்லில் வேலைக்குப் போகிறார்கள். அந்தக் காட்டை வளர்த்ததில் அவர்கள் வியர்வைக்குப் பெரிய பங்கு உண்டு. ஆரோவில்வாசிகளாகச் சேர்ந்தவர்களைத் தவிர மற்றவர்களுக்குப் பேரவையில் இடமில்லை. இது எனக்கு உறுத்துகிறது.

மத்திய அரசு ஆரோவில்லுக்குள் வந்த கதையில் இருவருக்கும் ஒரு பாடம் உண்டு. உள்ளே தீர்க்க முடியாத சண்டையைத் தீர்த்துவைக்க வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால், வந்தவர் திரும்பிப் போவதில்லை. அரசரா, மக்களா என்ற விவாதத்தில் நாம் மறந்துவிடும் மூன்றாவது ஆள் அவர்தான். அவருக்கு நம்மீது விரோதம் இருக்க வேண்டும் என்பதுகூட இல்லை. நம் ஓட்டில் வந்தவர் இல்லை என்பதால் நமக்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை, அவ்வளவுதான்.

இதை நான் ஆரோவில்லுக்காக மட்டும் எழுதவில்லை. நம் புதுச்சேரியின் வரைபடத்தைப் பாருங்கள். காரைக்கால் காவிரிக் கடைமடையில், மாஹே கேரளக் கரையில், ஏனாம் காக்கிநாடாவுக்குப் பக்கத்தில். யாரோ சிறுபிள்ளை கற்பனையில் வரைந்த நாடு போலவே இருக்கும். இங்கே யார் ஆள்வது என்பதை நாமும் வாக்கால் தீர்த்தோம். 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடிய 178 மக்கள் பிரதிநிதிகளில் 170 பேர் இந்தியாவுடன் இணைவதற்கு வாக்களித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1இல் நிர்வாகம் கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படி இணைந்தோம். எதிர்த்த எட்டுப் பேரின் வாக்கும் எண்ணப்பட்டுப் பதிவானது என்பதில் எனக்கு இன்றும் பெருமை. அதன் பிறகு நமக்கு 30 பேரைத் தேர்ந்தெடுக்கும் சட்டமன்றம் கிடைத்தது. கூடவே மத்திய அரசு நியமிக்கும் 3 உறுப்பினர்களும், நியமிக்கப்பட்ட துணைநிலை ஆளுநரும். அந்த மூவரைப் புதுச்சேரி அரசைக் கேட்காமலே நியமிக்கலாம் என்று 2018இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. முதலமைச்சருக்கும் துணைநிலை ஆளுநருக்கும் நடந்த இழுபறிகளை நீங்கள் என்னைவிட நன்றாகவே நினைவில் வைத்திருப்பீர்கள். மாநில அந்தஸ்து வேண்டும் என்று கட்சி பேதமில்லாமல் கேட்கிறோம். கேட்பது நியாயம்.

ஆனால் நம் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கிற ஒன்றை நாம் ஏன் அதே வேகத்தில் கேட்பதில்லை? பிரெஞ்சுக்காரர் ஆட்சியில், 1880இலேயே, இங்கே நகரசபைகள் வந்துவிட்டன. நகரசபைத் தலைவரைக் குறிக்கும் மேர் என்ற சொல் நம் பாட்டிமார்களுக்குப் பழகிய சொல். விடுதலைக்குப் பிறகு 1968இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அடுத்தது 38 ஆண்டுகள் கழித்து, 2006இல். அவர்கள் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. அதற்குப் பிறகு இதை எழுதும் நாள்வரை நடக்கவில்லை. ஐந்து நகராட்சிகளையும் பத்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் அதிகாரிகளே நடத்துகிறார்கள். 2014இல் இடிந்து விழுந்த 'மேரி' என்ற நகரசபைக் கட்டடத்தைக் கடற்கரையில் பழைய வடிவத்திலேயே திரும்பக் கட்டினோம். உள்ளே உட்கார நாம் தேர்ந்தெடுத்த ஆள் இல்லை. வாய்க்கால் அடைத்தாலும் தெருவிளக்கு எரியாவிட்டாலும் எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குப் போகிறோம், அல்லது பொறுத்துக்கொள்கிறோம். 2006இல் முதல் ஓட்டைப் போட்ட 18 வயதுப் பிள்ளைகள் இன்று தங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அவர்களுக்கு இரண்டாவது வாய்ப்பு வரவே இல்லை.

ஆகவே ஒரு வேண்டுகோள். 2006இல் வார்டு உறுப்பினராக இருந்தவர்கள், அவர்களுக்காகத் தெருத்தெருவாக நடந்தவர்கள், அவர்களிடம் போய்ச் சண்டை போட்டவர்கள் எல்லாரும் எங்களுக்கு எழுதுங்கள். அந்த ஐந்து ஆண்டுகளில் உங்கள் தெருவில் என்ன மாறியது, எது மாறவில்லை என்று சொல்லுங்கள். காரைக்கால், மாஹே, ஏனாம் வாசகர்களும் எழுத வேண்டும். மலையாளத்திலும் தெலுங்கிலும் வந்தால் மொழிபெயர்த்து வெளியிடுவோம். முத்தியால்பேட்டை ஆசிரியரும் லாஸ்பேட்டை மாணவியும் சம்மதித்தால், அந்தக் கடிதங்களைப் படித்துத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பை இருவரிடமும் சேர்த்தே கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்