நட்சத்திரம் காவலாகாது

இங்கிலாந்தில் டாக்சிப் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் ஒரு யோசனை தவறாமல் வந்து நிற்கிறது. உணவகங்களின் சுகாதாரத்துக்குப் பூஜ்யம் முதல் ஐந்து வரை மதிப்பெண் தருவதுபோல, முன்பதிவில் ஓடும் தனியார் டாக்சி நிறுவனங்களுக்கும் உள்ளாட்சி மன்றங்கள் நட்சத்திரத் தர மதிப்பீடு வழங்கட்டும். மக்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். மோசமான நிறுவனங்கள் தாமாகத் திருந்தும் என்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதுதான். ஆனால் இது தவறான நம்பிக்கை, ஆபத்தானதும்கூட. மன்றம் செய்ய வேண்டிய காவல் வேலையை இது பயணியின் தலையில் கட்டுகிறது.

சட்டத்திலிருந்தே தொடங்குவோம். லண்டனுக்கு வெளியே, 1976ஆம் ஆண்டுச் சட்டப்படி நிறுவனம், ஓட்டுநர், வண்டி மூன்றுக்கும் தனித்தனி உரிமம் வேண்டும். நிறுவனம் நடத்துபவரும் ஓட்டுபவரும் தகுதியும் நேர்மையும் உடையவர்கள் என்று மன்றத்துக்கு உறுதிப்பட்டால்தான் அது கிடைக்கும். இதில் அரைத் தகுதி என்று ஒன்று கிடையாது. அப்படியிருக்க, ஒரு நிறுவனத்துக்கு இரண்டு நட்சத்திரம் என்றால் என்ன பொருள்? அது பாதுகாப்பானது என்றால் மக்களை எச்சரிப்பது எதற்கு? பாதுகாப்பற்றது என்றால் அதன் கையில் இன்னும் உரிமம் இருப்பது எப்படி?

மதிப்பெண்ணை எதை வைத்துப் போடுவார்கள்? பதிவேடுகள், வண்டிச் சோதனை முடிவுகள், வந்த புகார்கள். இவற்றில் புகார்க் கணக்குதான் மிகவும் ஏமாற்றக்கூடியது. புகார்களை ஒழுங்காகக் கேட்டுப் பதிந்துவைக்கும் நிறுவனத்தின் கணக்கில் புகார் கூடும். காதில் வாங்காத நிறுவனத்தின் கணக்கு சுத்தமாக இருக்கும். ராதரம் நகரத்துக் கொடுமையை நினைத்துப் பாருங்கள். 1997 முதல் 2013 வரை குறைந்தது 1,400 சிறார்கள் பாலியல் சுரண்டலுக்கு ஆளானதாக, அதை விசாரித்த அலெக்சிஸ் ஜேயின் 2014 அறிக்கை மதிப்பிட்டது. டாக்சி ஓட்டுநர்கள் சிலரின் பங்கையும் அது வெளிப்படையாகச் சொன்னது. அந்தப் பிள்ளைகள் சொன்னதை நம்ப ஆளில்லாமல் போனதுதான் அங்கே நடந்த பெருங்குற்றம். நம்பப்படாத புகார் எந்த மதிப்பெண்ணிலும் ஏறாது. அந்த அவலத்துக்குப் பிறகு ராதரம், நட்சத்திரம் ஒட்டவில்லை. வண்டிக்குள் கேமராவைக் கட்டாயமாக்கியது.

மதிப்பீடு ஒருவருக்கு, ஓட்டுவது வேறொருவர் என்ற நிலையும் உண்டு. 2019 நவம்பரில் லண்டன் போக்குவரத்து ஆணையம், செயலிவழி டாக்சி நிறுவனமான ஊபரின் உரிமத்தைப் புதுப்பிக்க மறுத்தபோது சொன்ன காரணங்களில் ஒன்று இது: பிறருடைய கணக்கில் தங்கள் படத்தை ஏற்றிக்கொண்டு சிலர் வண்டி ஓட்டியிருந்தார்கள்; அப்படி நடந்த பயணங்கள் குறைந்தது 14,000. ஏறிய பயணிகள் பார்த்த நட்சத்திரங்கள் வேறு யாரோ சம்பாதித்தவை. அதற்கு எதிராக நடவடிக்கை எடுத்தது உரிம அதிகாரம்.

தேர்ந்தெடுக்கும் உரிமை என்கிறார்களே, அது யாருக்கு இருக்கிறது? மாற்றுத்திறன் பிள்ளைகள் பலரைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லும் டாக்சியை உள்ளாட்சியே ஒப்பந்தம் போட்டு அமர்த்துகிறது. பிள்ளைக்கு அதில் பேச்சே இல்லை. இரவு இரண்டு மணிக்கு மழையில் நிற்கும் பெண் முதலில் வரும் வண்டியில்தான் ஏறுவாள். போதாக்குறைக்கு, 2015ஆம் ஆண்டுச் சட்டம் ஒரு நிறுவனம் தன் முன்பதிவை வேறு ஊர் நிறுவனத்துக்குக் கைமாற்ற வழிவிட்டது. உல்வர்ஹாம்ப்டனில் உரிமம் பெற்ற வண்டிகள் மான்செஸ்டரில் ஓடுகின்றன. உள்ளூர் மன்றம் ஒட்டிய நட்சத்திரம் அந்த வண்டியைப் பற்றி எதைச் சொல்லும்?

உணவகத் திட்டம் வென்றதே என்று கேட்பார்கள். சமையலறை ஓரிடத்தில் நிற்கிறது; ஆய்வாளர் உள்ளே போய்ப் பார்க்கலாம்; மதிப்பெண்ணை வாசலில் ஒட்டலாம். டாக்சியிலோ ஒவ்வொரு பயணமும் பூட்டிய அறை. தொலைபேசியில் அழைப்பவருக்கு வாசலும் இல்லை. உணவகங்களிலேயே மதிப்பெண்ணை ஒட்டுவதை வேல்ஸ் 2013இல் கட்டாயமாக்கியது. இங்கிலாந்தில் அது இன்னும் உரிமையாளரின் விருப்பம்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. நிறுவனத்தின் மேல் விழும் மதிப்பெண் அங்கேயே நிற்காது. ஓட்டுநரின் தோளுக்கு இறங்கும். பயணிகள் போடும் மதிப்பெண்ணை ஓட்டுநர்களை ஆட்டிவைக்கவும் வேலையை விட்டு நீக்கவும் ஊபர் பயன்படுத்தியதை, 2021இல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் முதலாளி-தொழிலாளி உறவின் அடையாளங்களில் ஒன்றாகவே கண்டது. வழிகாட்டி நாயுடன் வரும் பார்வையற்றவரை ஏற்ற மறுப்பது குற்றம். ஆனால் அப்படி மறுக்கப்பட்ட ஒருவரின் வேதனை ஆயிரம் நல்ல பயணங்களின் சராசரியில் கரைந்துபோகும். குற்றத்துக்குச் சராசரி பார்க்கலாமா?

மன்றங்கள் எதையும் வெளியிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எத்தனை உரிமங்கள் நிறுத்தப்பட்டன, எத்தனை பறிக்கப்பட்டன, திடீர்ச் சோதனைகளில் என்ன தெரிந்தது என்று வெளியிடட்டும். 2020இல் அரசு வகுத்த தரங்களின்படி ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஓட்டுநரின் குற்றப் பின்னணியைச் சோதிக்கட்டும். உரிமம் மறுக்கப்பட்டவர்களின் தேசியப் பதிவேட்டை 2022ஆம் ஆண்டுச் சட்டம் கட்டாயமாக்கியிருக்கிறது. அதைப் பார்க்காமல் ஒருவருக்கும் உரிமம் தரக்கூடாது. நாடு முழுவதற்கும் ஒரே குறைந்தபட்சத் தரமும், எந்த ஊர் வண்டியையும் எந்த ஊர் அதிகாரியும் நிறுத்திச் சோதிக்கும் அதிகாரமும் வேண்டும். இதற்கு ஆளும் பணமும் செலவாகும், நட்சத்திரத்துக்கு ஆகாது. அதனால்தான் நட்சத்திரம் ஆள்பவர்களுக்கு இனிக்கிறது.

உரிமம் பெற்ற எந்த வண்டியிலும், யாரையும் விசாரிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு ஏற முடிய வேண்டும். அந்த உறுதியைத் தர முடியாத நிறுவனத்துக்குக் கொடுக்க வேண்டியது குறைந்த மதிப்பெண் அல்ல, உரிம ரத்து.