“பார்க்கலாம்” என்றால் “இல்லை” என்று அர்த்தம்

எங்கள் வீட்டில் அம்மா “பார்க்கலாம்” என்றால் கதை முடிந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். டெல்லி நாடாளுமன்றத்திலும் அதே சொல் ஓடுகிறது. அங்கே அதை, “அரசே விரிவான மசோதா கொண்டுவரும், உறுப்பினர் தன் மசோதாவைத் திரும்பப் பெற வேண்டும்” என்று கொஞ்சம் நீட்டிச் சொல்கிறார்கள். அமைச்சராக இல்லாத ஓர் எம்.பி. கொண்டுவருவது தனிநபர் மசோதா. ஆளுங்கட்சி எம்.பி. கொண்டுவந்தாலும் அதற்கு அதே பெயர்தான், பெரும்பாலும் அதே கதிதான்.

2015 ஏப்ரல் 24 அன்று ஒருவர் “பார்க்கலாம்” என்பதை ஏற்க மறுத்தார். தி.மு.க.வின் திருச்சி சிவா. திருநர் உரிமைகளுக்காக அவர் கொண்டுவந்த மசோதாவைத் திரும்பப் பெறும்படி அரசு கேட்டது. அவர் மாட்டேன் என்றார். மாநிலங்களவை அதை ஒருமனதாக நிறைவேற்றியது. 45 ஆண்டுகளில் அந்த அவை ஒரு தனிநபர் மசோதாவை நிறைவேற்றியது அதுவே முதல் முறை.

அப்புறம்? 2016 பிப்ரவரியில் அது மக்களவைக்குப் போனது. அதே ஆகஸ்டில் அரசு தன் சொந்த மசோதாவோடு வந்தது. சிவாவின் மசோதா சட்டமாகவே இல்லை. 2019இல் நிறைவேறியது அரசின் சட்டம். சிவா கேட்ட வேலை, கல்வி இடஒதுக்கீடு அதில் இல்லை. “நான் திருநர்” என்று சொல்ல மாவட்ட ஆட்சியரிடம் சான்றிதழ் வாங்க வேண்டும் என்ற விதி இருந்தது. நீங்கள் யார் என்று சொல்ல ஓர் அதிகாரியின் முத்திரை! அதைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பச் சொல்லி சிவா கொண்டுவந்த தீர்மானமும் தோற்றது.

சுதந்திரத்துக்குப் பிறகு சட்டமான தனிநபர் மசோதாக்கள் மொத்தம் 14. கடைசியாக ஒன்று சட்டமானது 1970இல். என் அப்பாவே அப்போது சின்னப் பையன்.

காரணம் எம்.பி.க்களின் சோம்பல் மட்டும் இல்லை. தனிநபர் அலுவலுக்குக் கொடுப்பது வெள்ளிக்கிழமை மாலை இரண்டரை மணி நேரம். அதையும் ஒரு வாரம் மசோதாக்களுக்கு, மறுவாரம் தீர்மானங்களுக்கு என்று பிரித்துவிடுகிறார்கள். யாருடையது முதலில் என்பதற்குக் குலுக்கல். வெள்ளி மாலை பாதிப்பேர் ஊருக்கு விமானம் ஏறப் போயிருப்பார்கள். மக்களவை கலைந்தால் அங்கே காத்திருக்கும் மசோதாவும் காலி.

“ஆளாளுக்குச் சட்டம் போட்டால் நாடு என்னாவது?” என்று கேட்பவர்கள் உண்டு. பெரோஸ் காந்தியைப் பாருங்கள். பிரதமர் நேருவின் மருமகன்தான், ஆனால் அமைச்சர் இல்லை. நாடாளுமன்றத்தில் பேசியதைப் பத்திரிகைகள் வழக்குப் பயமின்றி எழுதலாம் என்ற 1956 சட்டம் அவர் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான். (நெருக்கடி நிலையில் அதை ரத்து செய்தது அவர் மனைவி இந்திராவின் அரசு. பிறகு திரும்பி வந்தது.) எந்த அரசும் தானாக முன்வந்து இப்படி ஒரு சட்டம் போடாது. தனிநபர் மசோதா தேவைப்படுவதே அதனால்தான்.

நம் ஊர் காங்கிரஸ் ஒன்றும் சொர்க்கம் இல்லை. இங்கே எல்லா மசோதாவும் ஓர் உறுப்பினர் பெயரில்தான் வருகிறது, பெரும்பாலானவை குழு அறையிலேயே செத்துப்போகின்றன. ஆனால் பூட்டை உடைக்க ஒரு வழி உண்டு: 218 பிரதிநிதிகள் கையெழுத்துப் போட்டால், சபாநாயகருக்குப் பிடிக்காவிட்டாலும் மசோதா வாக்கெடுப்புக்கு வந்தாக வேண்டும். 2025இல் எப்ஸ்டீன் கோப்புகள் மசோதாவுக்காக நம் பே ஏரியாவின் ரோ கன்னாவும், குடியரசுக் கட்சியின் தாமஸ் மாஸியும் அப்படித்தான் கையெழுத்துச் சேர்த்தார்கள். நவம்பர் 12 அன்று 218ஆவது கையெழுத்து விழுந்தது. ஆறே நாளில் 427–1 என்று நிறைவேறியது. வாக்கெடுப்பு என்று வந்த பிறகு எதிர்க்கத் துணிந்தவர் ஒரே ஒருவர்!

டெல்லிக்கும் அப்படி ஒரு விதி வேண்டும். 543 பேரில் பாதிக்கு மேல் கையெழுத்துப் போட்டால் மக்களவையில் வாக்கெடுப்பு நடந்தே ஆக வேண்டும், அதுவும் வெள்ளிக்கிழமை மாலையில் அல்ல. ஓர் அவை நிறைவேற்றி அனுப்பிய தனிநபர் மசோதாவுக்கு அந்தக் கையெழுத்துகூடத் தேவையில்லை. மற்ற அவை ஆறு மாதத்துக்குள் ஆம் என்றோ இல்லை என்றோ, பெயர் பதிவாகும்படி வாக்களிக்கட்டும். 2016இல் மக்களவை எம்.பி.க்கள் ஒவ்வொருவரும் சிவாவின் மசோதாவுக்கு என்ன சொல்லியிருப்பார்கள் என்பது இன்றுவரை எந்தப் பதிவேட்டிலும் இல்லை.