செல்போனில் வந்த இலவசக் கணக்குப்பிள்ளை

“வருமானத்தைத் திட்டமிடுங்கள், வாழ்க்கை வளமாகும்” என்ற உபதேசம் இப்பொழுது செல்போன் வழியாக ஆலை வாசலுக்கும் வயல் வரப்புக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. இன்டர்நெட்டில் இலவசமாகக் கிடைக்கும் கணக்குக் கருவிகள் ஏராளம். வயதைப் போடு, மாத வருமானத்தைப் போடு, செலவைப் போடு என்று அவை கேட்கின்றன. போட்டவுடன், அறுபது வயதில் உன் கையில் இத்தனை லட்சம் இருக்கும் என்று ஒரு விநாடியில் சொல்லிவிடுகின்றன. நூற்பாலையில் ஷிப்டு மாறி ஷிப்டு உழைப்பவரும், நடவுக்கும் அறுப்புக்கும் போகும் விவசாயத் தொழிலாளியும் இதைத் தொட வேண்டுமா?

தொட வேண்டும் என்பதே நமது கருத்து. பண்ணையின் கணக்குப்பிள்ளை எழுதியதே கணக்கு என்று கைநாட்டு வைத்துவிட்டு வந்த நம் பாட்டன்மார் பட்டது போதும். கூட்டுவட்டிக் கணக்கை ஒரு விநாடியில் போட்டுத் தரும் கருவி கையிலேயே இருக்கும்போது அதை ஏன் விட வேண்டும்? ஆனால் இந்தக் கணக்குப்பிள்ளையை அனுப்பியவர் யார், எதற்காக அனுப்பினார் என்பதையும் பார்க்க வேண்டும்.

இவற்றில் பலவற்றை நடத்துவோர் பங்கும் நிதிப்பத்திரமும் விற்கும் கம்பெனிகளே. மாதம் 500 ரூபாய் வீதம் 30 ஆண்டு கட்டினால் 17 லட்சத்து 64 ஆயிரம் கிடைக்கும் என்று கருவி காட்டும். கேட்கும்போதே தலை சுற்றுகிறதல்லவா? கட்டங்களை உற்றுப் பாருங்கள். ஆண்டுக்கு நூற்றுக்கு 12 வீதம் பணம் வளரும் என்று அவர்களே ஓர் எண்ணை எழுதி வைத்திருப்பார்கள். அந்த 12க்கு யாரும் ஜாமீன் கொடுக்கவில்லை. அதை அழித்துவிட்டு 7 என்று போட்டால் தொகை 6 லட்சத்துச் சொச்சமாகச் சுருங்கிவிடும். அந்த 17 லட்சமே வந்தாலும், விலைவாசி ஆண்டுக்கு நூற்றுக்கு 5 வீதம் ஏறினால், இன்று 4 லட்சத்துக்கு வாங்கும் பொருளைத்தான் 30 ஆண்டு கழித்து அதைக்கொண்டு வாங்கலாம். போதாததற்கு, 360 மாதமும் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டுவோம் என்று கருவி நம்புகிறது! ஆலை லே-ஆப் விட்ட மாதத்துக்கு அதில் கட்டம் கிடையாது. குறுவை பொய்த்த ஆண்டுக்கும் கிடையாது. நடவுக்கும் அறுப்புக்கும் இடையே கை சும்மா இருக்கும் விவசாயத் தொழிலாளி, நல்ல மாதத்துக் கூலியை அந்தக் கட்டத்தில் போட்டால் ஏமாந்துபோவார். ஆண்டு முழுதும் வந்த கூலியைக் கூட்டி, 12ஆல் வகுத்துப் போடுவதே சரி.

சேமிப்பைவிட முக்கியமான வேலை இந்தக் கருவிக்கு உண்டு. முதலில் நம் கடனை அதில் போட்டுப் பார்க்க வேண்டும்.

“வட்டி நூற்றுக்குப் பன்னிரண்டுதான்” என்று சொல்லி 10,000 ரூபாய் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டு வட்டி 1,200. ஆக 11,200 ரூபாயை 12 மாதத்தில், மாதம் 933 வீதம் கட்ட வேண்டும். இதில் என்ன மோசம் என்று தோன்றும். கருவியின் கடன் கணக்குப் பகுதியில் 10,000, 12 மாதம், 12 சதவீதம் என்று போடுங்கள். மாதத் தவணை 888 ரூபாய் என்று வரும். அப்படியானால் 933 எங்கிருந்து வந்தது? வட்டிக் கட்டத்தில் எண்ணை ஏற்றிக்கொண்டே போங்கள். ஏறக்குறைய இருபத்தொன்றரையில் போய்த்தான் 933 வரும். காரணம் எளிது. மாதாமாதம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். கடைசி மாதத்தில் நம்மிடம் நிற்பது ஆயிரத்துக்கும் குறைவு. வட்டி மட்டும் முழுப் பத்தாயிரத்துக்கும் ஓராண்டு ஓடுகிறது. தண்டல்காரர் கதை இதைவிட மோசம். 10,000 என்று எழுதிக்கொண்டு 9,000 கொடுத்து, தினம் 100 வீதம் 100 நாள் வாங்குகிறார். பத்து வட்டி என்றுதான் ஊரில் பேச்சு. ஆண்டுக் கணக்கில் பார்த்தால் அது நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டுகிறது.

இருபத்தொன்றரைக்கும் எழுபத்தைந்துக்கும் கடன் வைத்திருப்பவனைப் பார்த்து, பன்னிரண்டு தருகிறேன் சேமித்து வை என்று சொல்வதற்குப் பெயர் திட்டமா? ஓட்டைப் பானையில் தண்ணீர் இறைக்கச் சொல்லும் யோசனை அது. கையில் 500 மிஞ்சினால் அது முதலில் அதிக வட்டிக் கடனுக்குப் போகட்டும். வாங்குவதற்கு முன்பே கணக்குக் கேட்கவும் நமக்கு உரிமை உண்டு. வங்கிகளும் நிதிக் கம்பெனிகளும் 2024 அக்டோபர் 1 முதல் கொடுக்கும் புதிய சில்லறைக் கடன்களுக்கு, எல்லாக் கட்டணமும் சேர்த்த ஆண்டு வட்டியைக் காட்டும் விவரத் தாளை, வாங்குபவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. குழுக் கடனுக்கு 2022இல் வந்த விதி இன்னொன்று சொல்கிறது: குடும்பத்தின் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. கூட்டிப் பாருங்கள், எத்தனை வீடுகளில் தாண்டியிருக்கிறது என்று தெரியும்.

அடுத்ததாக, சர்க்கார் தருவதாகச் சொல்லும் பென்ஷனையும் அதே தராசில் வைப்போம். அமைப்புசாராத் தொழிலாளருக்கென 2019இல் ஒரு பென்ஷன் திட்டம் தொடங்கினார்கள். 29 வயதில் சேர்பவர் மாதம் 100 ரூபாய் கட்டுகிறார், சர்க்காரும் 100 போடுகிறது, அறுபது வயதில் மாதம் 3,000 ரூபாய் பென்ஷன். கருவியின் விலைவாசிக் கட்டத்தில் 5 சதவீதம், 31 ஆண்டு என்று போடுங்கள். அந்த 3,000 ரூபாய் இன்றைய 660 ரூபாய்க்குச் சமம் என்று வரும். 18 வயதில் சேர்ந்த பிள்ளைக்கு அது 390ஐக்கூட எட்டாது. திட்டத்தில் சேராதே என்று நாம் சொல்லவில்லை. நாம் கட்டும் பணத்துக்குச் சமமாக சர்க்காரும் போடும்போது அதை ஏன் விட வேண்டும்? ஆனால் அதை நம்பிக் கிழவனும் கிழவியும் ஒரு மாதம் கஞ்சி குடிக்க முடியாது.

ஆலைத் தொழிலாளிக்குப் பஞ்சப்படி என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. விலைவாசிப் புள்ளி ஏறினால் பஞ்சப்படி ஏற வேண்டும் என்று கேட்டுப் போராடிப் பெற்றவர்கள் நாம். பென்ஷனுக்கு மட்டும் அந்த நியாயம் ஏன் இல்லை? பி.எப். பென்ஷனின் குறைந்தபட்சத் தொகையை 2014இல் மாதம் 1,000 ரூபாய் என்று வைத்தார்கள். 2025 முடியும்வரை அது ஒரு பைசா ஏறவில்லை. நாற்பது வயதில் மாதம் 12,000 ரூபாயில் குடும்பம் நடத்துபவருக்கு, அதே வாழ்க்கைக்கு அறுபது வயதில் ஏறக்குறைய 31,800 ரூபாய் வேண்டும் என்று கருவி சொல்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவே கிடக்கும் பள்ளத்தை டீச் செலவைக் குறைத்தா தூர்ப்பது? கூலிப் பேச்சுவார்த்தைக்கும் பென்ஷன் கோரிக்கைக்கும் போகிறவர்கள் இந்தக் கணக்கைக் காகிதத்தில் எழுதி எடுத்துப் போக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. கணக்குப் போட எண்கள் மட்டும் போதும். பெயர், போன் நம்பர், ஆதார், வங்கிக் கணக்கு என்று கேட்கும் கருவியை அங்கேயே மூடிவிடுங்கள். மறுநாள் முதல் விற்பனைக்காரர் போன் அடிப்பார். ஓ.டி.பி. எண்ணை யாருக்கும் சொல்லக்கூடாது. பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி நிறுவனம் முதலீட்டாளருக்காக நடத்தும் தளத்திலேயே இத்தகைய கருவிகள் இருக்கின்றன.

செல்போன் பழக்கம் இல்லாதவர்கள் தயங்க வேண்டாம். சம்பளத்துக்கு மறுநாள் மாலை சங்க அலுவலகத்தில் படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்தால் போதும். ஆண்கள் தண்டல் நோட்டையும் பி.எப். விவரத்தையும், தாய்மார்கள் குழுக் கடன் அட்டையையும் கொண்டுவரட்டும். பிடித்த பி.எப். பணம் கணக்கில் ஏறியிருக்கிறதா என்பதையும் அன்றே பார்த்துவிடலாம். பத்தாயிரத்துக்கு மாதம் 933 என்று எழுதிய அட்டை உள்ளவர்கள் முதல் வரிசையில் வரலாம்.