பிடுங்கிப் பார்த்தாயிற்று

போன வாரம் நண்பனோடு சண்டை. அமெரிக்காவில் போதைப் பழக்கமுள்ள தாய்மார்களைப் பற்றிய வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, "இவங்கள்லாம் புள்ள பெத்துக்கவே கூடாதுடா. பொறந்த உடனே பிடுங்கிரணும்" என்றான். அவன் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. பிடுங்கினால் குழந்தைக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவே இல்லை பாருங்கள், அதுதான் கடுப்பு.

பிடுங்கியெல்லாம் பார்த்தாயிற்று. 1989இல் தென் கரோலினாவின் சார்ல்ஸ்டனில், அரசு மருத்துவமனை ஒன்று கர்ப்பிணிகளின் சிறுநீரைச் சோதித்து, கொக்கெய்ன் தெரிந்தால் போலீஸுக்குச் சொன்னது. கைதான 30 பேரில் 29 பேர் கறுப்பினப் பெண்கள். பிரசவ ரத்தம் நிற்கும் முன்பே விலங்கு மாட்டி அழைத்துப்போனதும் நடந்தது. சம்மதமில்லாத அந்தச் சோதனை அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2001இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. திருந்தினார்களா? 2014இல் டென்னஸி, போதைப்பொருளால் பாதிக்கப்பட்டுப் பிறக்கும் குழந்தைக்காகத் தாய்மேல் தாக்குதல் வழக்குப் போடலாமென்று சட்டமே கொண்டுவந்தது. 2016இல் அது காலாவதியானது. இப்படிப்பட்ட ஊரில் பயந்துபோன பெண் எங்கே வேண்டுமானாலும் போவாள், டாக்டரிடம் மட்டும் போகமாட்டாள்.

'கிராக் பேபி' என்று பெயர் வைத்து ஒரு தலைமுறையின் கதையைப் பத்திரிகைகள் பிறக்கும்போதே முடித்துவைத்தன. ஃபிலடெல்ஃபியாவில் ஹாலம் ஹர்ட் என்ற மருத்துவர் அந்தக் குழந்தைகளை இருபது வருஷத்துக்கும் மேல் பின்தொடர்ந்தார். அதே ஏழைத் தெருக்களில் வளர்ந்த மற்ற பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அடித்துப்போட்டது வறுமை. (கருவை நிச்சயமாகச் சிதைக்கிற சாராயத்தை மட்டும் கடை திறந்து விற்கலாம்.)

1997ஆம் வருஷச் சட்டப்படி, கடைசி 22 மாதத்தில் 15 மாதம் குழந்தை வளர்ப்பு வீட்டில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, பெற்றோர் உரிமையை ரத்துசெய்ய அரசே மனுப் போட வேண்டும். போதையிலிருந்து மீள்கிறவர்கள் வழுக்கி விழுவதும் எழுவதுமாகத்தான் மீள்வார்கள். அதற்குள் கெடு முடிந்துவிடும். சின்ன வயதில் வீட்டிலேயே சிதைக்கப்பட்ட பெண், முன்பின் தெரியாத வக்கீல்கள் முன்னால் தன் கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ஒரு வாய்தாவுக்கு வராவிட்டால், புள்ளமேல பாசமில்லாதவள் என்று எழுதிவிடுவார்கள்.

நியூ ஹேவனில் மருத்துவர்கள் வேறு மாதிரி செய்துபார்த்தார்கள். ஓபியாய்டு பின்விளைவோடு பிறந்த குழந்தைகளைத் தாயிடமே விட்டார்கள். அமைதியான அறை, தாய்ப்பால், மார்போடு அணைப்பு, தேவைப்பட்டால் மட்டும் மருந்து. முன்பு சராசரியாக 22 நாள் மருத்துவமனையில் கிடந்த குழந்தைகள் 6 நாளில் வீட்டுக்குப் போயின.

நண்பனுக்கு இதையெல்லாம் வாட்ஸப்பில் அனுப்பினேன். ப்ளூ டிக் விழுந்து மூன்று நாளாகிறது.