ஐஸ்லாந்து வாத்துகளின் கூந்தன்குளம்

ஸ்காட்லாந்தில் பறவை பார்க்கப் போகிறவர்களுக்கு ஆண்டு செப்டம்பர் நடுவில் பிறக்கிறது. பார்லி அறுப்பு முடிந்து வயலில் தாள் மட்டும் நிற்கும் நேரம். ஏதோ ஒரு காலையில் வெகு உயரத்திலிருந்து இரட்டை இரட்டையாக ஒரு கூவல் கேட்கும். அண்ணாந்தால், வரிசை கலைந்தும் கூடியும் நகரும் புள்ளிகள். நாயோடு நடக்கக் கிளம்பிய பக்கத்து வீட்டுக்காரர் வழக்கமான மழைப் பேச்சை விட்டுவிட்டு, "வந்தாச்சு போல" என்பார். எவை என்று யாரும் கேட்பதில்லை.

வந்தவை பிங்க்ஃபுட் வாத்துகள். இளஞ்சிவப்புக் கால், கரும்பழுப்புத் தலை, நம் ஊர் வயல்களில் மேய்க்கிற வாத்தைவிடப் பெரிய உடம்பு. கோடையில் ஐஸ்லாந்தின் நடுமேட்டிலும் கிரீன்லாந்தின் கிழக்கிலும் குஞ்சு பொரித்துவிட்டு, ஏறக்குறைய ஆயிரம் கிலோமீட்டர் கடல்வழி பறந்து வருகின்றன. அவை கூடு கட்டும் இடத்தைத் தேடி 1951இல் ஐஸ்லாந்துக்குப் போன குழுவின் தலைவர் பீட்டர் ஸ்காட். தென்துருவப் பயணத்தில் உயிரிழந்த கேப்டன் ஸ்காட்டின் மகன். இறகுதிர்த்துப் பறக்க மாட்டாமல் இருக்கும் சில வாரங்களில், குதிரையேறிப் போய் வாத்துகளை வளைத்துப் பட்டிக்குள் ஓட்டி வளையம் மாட்டினார்கள். அந்தப் பயணத்திலேயே, குழுவில் உடன் வந்த ஃபிலிப்பாவை ரெய்க்யாவிக்கில் மணந்து தானும் மோதிரம் மாற்றிக்கொண்டார் ஸ்காட். அப்போது பிரிட்டனில் குளிர்காலத்தைக் கழித்த பிங்க்ஃபுட்கள் சில பத்தாயிரம். இன்று ஐந்து லட்சத்தை ஒட்டி நிற்கிறது கணக்கு. சுட்ட வாத்தைக் கடையில் விற்கக்கூடாது என்று சட்டம் வந்தது ஒரு காரணம். ராத்தங்கும் ஏரிகள் காப்பிடங்களானது இன்னொன்று. வயலில் சிந்திக் கிடக்கும் பார்லியும் தோண்டாமல் விட்ட உருளைக்கிழங்கும் மூன்றாவது. குளிர்காலக் கோதுமை முளையை மேய்ந்துவிடுகிறதே என்று புலம்பும் விவசாயியிடம் இந்த வளர்ச்சியைப் பெருமையாகச் சொல்லிவிட முடியாது. அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது.

நான் போவது லாக் லீவன் ஏரிக்கு. எடின்பரோவிலிருந்து ஃபோர்த் கழிமுகத்தைத் தாண்டி எம்90 நெடுஞ்சாலையில் முக்கால் மணி நேரம். சுமார் 13 சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பு. சராசரி ஆழமோ 4 மீட்டர்தான். சுற்றுலாக்காரர்கள் அதன் தீவுக்கோட்டையைப் பார்க்க வருகிறார்கள். ஸ்காட்லாந்தின் மேரி அரசியை 1567இல் அங்கேதான் சிறைவைத்தார்கள். மறு ஆண்டு மே மாதம் படகேறித் தப்பினாள். அவள் பார்த்த தீவு இப்போதிருப்பதைவிடச் சிறியது. 1830 வாக்கில் ஆற்றோர ஆலைகளுக்காக மதகு கட்டி நீர்மட்டத்தை இறக்கியதில் தீவு பெருத்தது, ஏரி சுருங்கியது. ஆழமில்லாத நீரில் வெயில் தரைவரை இறங்குகிறது. பாசியும் பூச்சியும் பெருகுகின்றன. அதனால்தான் நீரிலேயே இரை தேடும் வாத்துகளும் இத்தனை. புனித செர்ஃப் தீவின் புல்லுக்குள் வேனிற்காலத்தில் கூடு வைக்கும் உள்ளூர் வாத்துகள் ஆயிரம் இணைக்குமேல் என்பார்கள்.

தென்கரையில் பெனார்ட்டி மலையடிவாரத்தில் ஆர்.எஸ்.பி.பி. என்னும் பறவைப் பாதுகாப்புச் சங்கத்தின் காப்பிடம். 1967இல் ஒரு பண்ணையை வாங்கித் தொடங்கியது. சாலைக்கு அடியில் ஒரு சுரங்கப்பாதை வழியாக நடந்தால் பார்வைக் குடில்கள் வரும். மலைக்கு மேலே போர்ட்மோக் மன்றத்தின் எஞ்சின் இல்லாத கிளைடர் விமானங்கள் சத்தமின்றி வட்டமிடும். புதிதாக வருபவர்கள் அவற்றைக் கழுகென்று கை நீட்டுவதுண்டு.

அக்டோபர் விடியலில் அந்தக் குடிலுக்குள் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் ஏரிக்கு நடுவே ஒரு முணுமுணுப்பு. வெளிச்சம் ஏற ஏறக் குரல் தடிக்கிறது. யார் முதலில் கிளம்புவது என்று தகராறு நடப்பதுபோல இருக்கும். பிறகு ஒரு பகுதி எழும்புகிறது, அதன்பின் இன்னொன்று. அரை மணி நேரத்தில் ஆயிரக்கணக்கில் தலைக்குமேல் கடந்து மேய்ச்சல் வயல்களுக்குப் போய்விடும். எண்ணிக்கைக்காரர்களுக்கு அந்த அரை மணி நேரமே கிடைக்கிறது. தன்னார்வலர்களான அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குப் பறவைகளுக்கு அடுத்த பொழுதுபோக்கு. முதலில் பத்தை எண்ணுவார்கள். அந்தப் பத்து வானத்தில் எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, அதே அளவை நூறாக்கி, நூறை ஆயிரமாக்கி, கூட்டத்தின் மேல் அளந்துகொண்டே போவார்கள். பேச்சுக் கொடுத்தால் முறைப்பார்கள். பிரிட்டனில் நீர்ப்பறவைகளை இப்படி ஆண்டு தவறாமல் கணக்கெடுப்பது 1947இல் தொடங்கிய வேலை.

அம்மா வந்திருந்தபோது ஒருமுறை கூட்டிப்போனேன். அம்மா பிறந்தது நாங்குநேரிப் பக்கம். பறவை இருக்கும் காலத்தில் தீபாவளிக்கு வெடி போடாத கூந்தன்குளத்தைச் சிறுவயதிலிருந்தே தெரியும். இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் என் கோட்டையும் போட்டுக்கொண்டு குடில் பெஞ்சில் ஒடுங்கியிருந்தாள்.

"ஏட்டி, இந்தக் குளிருக்கு இதுக எதுக்கு இங்க வருது? போக்கத்ததுகளா?"

"அதுகளுக்கு இதுதாம்மா வெயில் ஊரு."

கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்தாள். "நம்ம குளத்துக்கு வர்ற கோடுபோட்ட தலை வாத்தும் இங்கேருந்துதான் வருதோ?"

இல்லை. அது வரித்தலை வாத்து. மத்திய ஆசியாவிலிருந்து இமயத்தைத் தாண்டி வருவது. லாக் லீவன் வாத்து இந்தியாப் பக்கம் எட்டிப்பார்ப்பதில்லை. பூஜ்யத்துக்கு மேல் இரண்டு மூன்று பாகை இருந்து, தண்ணீர் உறையாமல், மேய ஒரு வயலும் கிடைத்தால் அதற்குப் போதும். அதன் தெற்கு இங்கேயே முடிந்துவிடுகிறது. இங்கு வந்த புதிதில் நவம்பர் பிறந்தாலே எனக்கு மனம் சுருங்கும். இந்த இருட்டை நம்பி ஒரு கூட்டம் கடல் தாண்டி வருகிறது என்று தெரிந்தபிறகு கோபம் கொஞ்சம் தணிந்தது. முழுக்கத் தணிந்தது என்றால் பொய்.

டிசம்பரில் காலை எட்டே முக்காலுக்கு விடிந்து மாலை மூன்றே முக்காலுக்குள் பொழுது சாய்ந்துவிடும். மஞ்சள் அலகுடைய ஹூப்பர் அன்னங்களுக்குக் கிராமம் வரை போகவேண்டியதில்லை. கிளாஸ்கோ நகருக்குள் ஹோகன்ஃபீல்ட் ஏரியில், ரொட்டித் துண்டுக்கு அடித்துக்கொள்ளும் உள்ளூர் அன்னங்களுக்கு நடுவே அவையும் நிற்கும். தெற்கே சால்வே கழிமுகத்தில் ஸ்வால்பார்டிலிருந்து வரும் பார்னக்கிள் வாத்துகள். 1940களில் சில நூறாகக் குறைந்துபோன கூட்டம் பல பத்தாயிரமாகத் தேறியது; 2021-22 குளிர்காலத்தில் பறவைக் காய்ச்சல் வந்து மூன்றில் ஒரு பங்கை வாரிக்கொண்டு போனது. காப்பிடம் என்றால் வேலியும் பலகையும் என்று நினைத்திருந்தவர்களுக்கு அந்தக் குளிர்காலம் பெரிய அடி.

ஏப்ரலில் மீன்பிடிக் கழுகான விரால் அடிப்பான் வரும். நம் ஊர் ஏரிகளுக்குக் குளிர்காலத்தில் வருகிற அதே இனம். ஸ்காட்லாந்துப் பறவைகள் மட்டும் மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போய்த் திரும்புகின்றன. சுட்டும் முட்டை திருடியும் 1916 வாக்கில் இந்த நாட்டிலிருந்தே துடைத்துவிட்டிருந்தார்கள். 1954இல் லாக் கார்ட்டனில் ஓர் இணை தானாக வந்து கூடு கட்டியது. இரவு பகலாகக் காவல் போட்டும் 1958இல் ஒருவன் இருட்டில் மரமேறிவிட்டான். துரத்தியபோது முட்டைகள் விழுந்து உடைந்தன. கூட்டில் பார்த்தால், பழுப்பு நிற ஷூ பாலீஷ் பூசிய இரண்டு கோழிமுட்டைகள்! அடுத்த ஆண்டு, சங்கத்தின் ஸ்காட்லாந்துப் பொறுப்பாளர் ஜார்ஜ் வாட்டர்ஸ்டன் எல்லோரும் அஞ்சிய ஒன்றைச் செய்தார்: கூட்டின் இடத்தை ஊரறியச் சொல்லி, வந்து பாருங்கள் என்று அழைத்தார். அந்தக் கோடையில் சுமார் 14,000 பேர் வந்தார்கள். மூன்று குஞ்சுகள் பறந்தன. இன்று ஸ்காட்லாந்தில் 200 இணைகளுக்கு மேல். பறவைக் காப்பில் மறைத்து வைப்பதே பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நான் இந்தக் கதையைத்தான் சொல்வேன், எல்லாப் பறவைக்கும் இது பொருந்தாது என்று தெரிந்தாலும்.

புயலில் வழிதவறி அமெரிக்காவிலிருந்து வந்துவிட்ட ஒற்றைப் பறவைக்காக இரவெல்லாம் வண்டி ஓட்டிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ட்விட்சர்கள் என்று பெயர். பட்டியலில் ஒரு கோடு போட்டுக்கொண்டு திரும்பிவிடுவார்கள். அந்தப் பறவை பெரும்பாலும் தன் இனத்தைத் திரும்பப் பார்க்கப்போவதில்லை என்பதை நினைத்தால் எனக்கு அந்த உற்சாகம் வரமாட்டேன் என்கிறது. ஒரே ஏரிக்குத் திரும்பத் திரும்பப் போகிறவளுக்குப் பட்டியல் நீளாது. ஆனால் பிப்ரவரியில் கோல்டன்ஐ ஆண் வாத்து தலையை முதுகுவரை மடக்கி எறிந்து பெண்ணுக்கு வேடிக்கை காட்டத் தொடங்கும் வாரம் எது, ஆள்காட்டிகள் இந்த ஆண்டு ஏன் பின்வயலுக்கு மாறின என்பதெல்லாம் தெரியவரும். ஆள்காட்டி இங்கே வெகுவாகக் குறைந்துவருகிறது. புல்வெளியின் சதசதப்பை வடித்துவிட்டால் குஞ்சுக்குப் புழு ஏது?

கோடையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஆண் வாத்துகள் பளபளப்பான இறகை உதிர்த்துவிட்டுப் பெண்களின் பழுப்பில் கரையோரம் பதுங்கும். எது எந்த இனம் என்று பிரிப்பது பெரும்பாடு. மிட்ஜ் கொசு கண்ணிமையைக் கூட விடாது. 1992 ஜூனில் ஏரி முழுதும் நச்சுப்பாசி படர்ந்து நாறிப்போனது. ஆலைக் கழிவும் சாக்கடையும் கொண்டுவந்து சேர்த்த பாஸ்பரஸ்தான் காரணம். அதைக் குறைத்த பின்னும் அடிச்சேற்றில் படிந்தது பல காலம் மேலே வந்துகொண்டிருந்தது. நீர் தெளியப் பல ஆண்டுகள் பிடித்தன.

ஊரிலிருந்து உறவினர்கள் மே, ஜூனில்தான் வருகிறார்கள். பிள்ளைகளுக்கு விடுமுறை, இங்கே இரவு பத்து மணிவரை வெளிச்சம். எடின்பரோ கோட்டை, லாக் நெஸ், ஒரு படகுச் சவாரி, போட்டோ. பறவை பார்க்கக் கூட்டிப்போகச் சொன்னால் நான் சாக்குச் சொல்லிவிடுவேன். அக்டோபரில் வாருங்கள், விமான டிக்கெட்டும் பெரும்பாலும் குறைவு. கையுறையும் பைனாகுலரும் நான் தருகிறேன். காலை ஐந்தரைக்கு எழுந்து, பல் துலக்கியதும் காபி கேட்காமல் வண்டியில் ஏற வேண்டும். அதற்குச் சம்மதம் என்றால் சொல்லியனுப்புங்கள். காபி ஃபிளாஸ்க்கில் இருக்கும், குடிலுக்குப் போனபிறகு.