முட்டை அட்டையில ஒரு கல்லு!

செமஸ்டர் அன்னைக்கு, பைக் டேங்க் கவர்ல கால்குலேட்டரை வெச்சுட்டு டீ குடிக்கப் போனேன். சேலத்து மே மாச வெயில். வந்து பார்த்தா டிஸ்ப்ளே முழுக்கக் கறுப்பு! ஃபேனுக்குக் கீழே வெச்சதும்தான் எண்களும் வந்துச்சு, எனக்கு உயிரும் வந்துச்சு.

உள்ளே இருக்கறது திரவப் படிகக் கலவை பாஸ். சூடு ஏறினா அதோட ஒழுங்கு கலைஞ்சிடும்.

நம்ம ஊருக்குன்னே செஞ்ச மாதிரி 8சிபின்னு ஒரு திரவப் படிகம் இருக்கு. ஏற்காட்டுக் குளிர்ல, 21 டிகிரிக்குக் கீழே, அது கெட்டி. மலை இறங்கி சேலம் வந்தா, குச்சி மாதிரி மூலக்கூறுகள் நாமக்கல் லாரியில முட்டை அட்டை ஏத்தின மாதிரி அடுக்கடுக்கா நிற்கும். சுமார் 33.5 டிகிரியில அடுக்கு போயிடும். ஆனா பைபாஸ் லாரிங்க மாதிரி ஒரே திசையைப் பார்க்கும். 40.5 டிகிரியில அதுவும் காலி. புது பஸ் ஸ்டாண்டு கூட்டம்தான்!

இதுல 7 நானோமீட்டர் சிலிக்காத் துகள்களைக் கலந்தா? அதுங்க கைகோத்து உள்ளே வலை பின்னிடுது. மாறுற வெப்பநிலை கொஞ்சம்தான் நகருது. ஆனா அடுக்குக்குத்தான் சரியான அடி. அட்டைக்கு நடுவுல கல்லு சிக்கினா மேல இருக்கறதெல்லாம் கோணுமே, அப்படி. பக்கத்துல பார்த்தா அடுக்கு ஒழுங்கா இருக்கும், தூரம் போகப் போக வரிசை தப்பிடும். நம்ம புக்ல படிக்கிற கூர்மையான மாற்றம் இங்கே மழுங்கிடுது.

துகளைக் குறைச்சா சரியாகிடாதா? ஆகாதாம்! இந்த மாதிரி ஒழுங்கைக் கெடுக்க எவ்வளவு சின்னத் தாறுமாறும் போதும்னு 1975-லயே இம்ரி, மா ரெண்டு பேரும் கணக்குப் போட்டுட்டாங்க. 2000-களில் எக்ஸ்-ரே வெச்சுப் பார்த்தப்போ, 8சிபி அடுக்குகளும் அதையேதான் காட்டுச்சு.

என் கால்குலேட்டர் இப்ப சட்டைப் பாக்கெட்டுலதான் இருக்கு.